இருபது வளைவுகளும் ஒரு சிறு பெட்டியும்

சென்ற வாரம் அக்காள் மகன் தொலைபேசியில் கேட்டான்: "மாமா, உங்கள் வண்டியில் மாட்டியிருக்கிறீர்களே, ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டியைத் துள்ளவைக்கும் அந்தச் சிறு பெட்டி, த்ராட்டில் கன்ட்ரோலர், இப்போது விலை குறைந்திருக்கிறது. நானும் ஒன்று வாங்கிவிடட்டுமா?" உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2 ஆண்டுகளில், ஏறக்குறைய 18,000 கிலோமீட்டர் ஓட்டத்தில், அந்தக் கருவியைப் பார்ப்பவரிடமெல்லாம் புகழ்ந்த நாட்கள் உண்டு. பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கை போன நாட்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் அவனுக்கு யோசனை சொல்வது நியாயமாகாது. அதனால் எழுதியே விடுகிறேன்.

வண்டியைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு கதவு, 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், இரட்டைக் கிளட்ச் தானியங்கி கியர். எஞ்சினில் குறையே இல்லை. குறை முழுவதும் என் வலது பாதத்துக்கு அடியில் இருந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் புறப்படும். எங்கள் சேலத்தில், கொண்டலாம்பட்டியில் புறவழிச்சாலையில் சேரும்போது, பின்னால் லாரி நெருங்கிக்கொண்டிருக்க, அந்த ஒரு கணம் எவ்வளவு நீளம் என்பது மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

என் முதல் வண்டி மாருதி 800. வெறும் 796 சிசி. ஆனால் பெடலிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு கேபிள் நேராகப் போகும். கால் அசைந்தால் எஞ்சின் அசையும். அதைப்போல் பல மடங்கு சக்தி கொண்ட வண்டி என் காலுக்கு இப்படி மந்தமாகப் பதில் சொன்னதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போதைய வண்டிகளில் அந்தக் கேபிள் கிடையாது. பெடலோடு இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை இரண்டும் தனித்தனி மின்னழுத்தமாக எஞ்சின் கணினிக்குச் சொல்லும். இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போனால்தான் கணினி நம்பும். பிறகு எஞ்சினுக்குக் காற்று போகும் வழியிலுள்ள த்ராட்டில் வால்வை எவ்வளவு திறப்பது என்று அதுவே முடிவுசெய்து, ஒரு சிறு மோட்டாரால் திறக்கும். புகை விதிகள், எரிபொருள் சிக்கனம், கியர்பெட்டியின் ஆயுள், குலுங்காத பயணம் என்று பலவற்றையும் கணக்குப் பார்த்து, பெடலின் முதல் பாதியைத் தொழிற்சாலையிலேயே அடக்கி வைக்கிறார்கள். கன்ட்ரோலர் என்பது பெடலுக்கும் கணினிக்கும் நடுவே செருகும் சிறு பெட்டி. நான் 20 சதவீதம் மிதித்தால், 40 சதவீதம் மிதித்ததாகக் கணினியிடம் சொல்லிவிடும். அதன் வேலை அவ்வளவே.

ஆனால் அது வந்த அட்டைப் பெட்டியில் "எஞ்சின் சக்தி கூடும்" என்று அச்சிட்டிருந்தார்கள். அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. பெடலைக் கடைசிவரை மிதித்தால், கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணினிக்குப் போவது அதே 100 சதவீதம்தான். எரிபொருளின் அளவோ, தீப்பொறியின் நேரமோ, டர்போ தரும் அழுத்தமோ அந்தப் பெட்டியால் கூடாது. அவற்றைக் கூட்ட வேண்டுமானால் கணினியின் மென்பொருளையே திருத்த வேண்டும். அது வேறு வேலை, வேறு செலவு. தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆளில்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80 வரை முழு மிதியில் நேரம் பார்த்தேன். கருவியோடு மூன்று முறை, கருவியை அணைத்து மூன்று முறை. எங்களால் ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியவில்லை. பொருளை விற்பவர்கள் உண்மையைச் சொல்லியே விற்றிருக்கலாம். உண்மையிலேயே அதற்கு ஒரு நல்ல பயன் இருக்கிறது.

அந்தப் பயனை முதல் நாளே உணர்ந்தேன். மாட்டுவது கால் மணி நேர வேலை. சாவியை எடுத்துவிட்டு, வண்டியின் மின்னணுப் பாகங்கள் உறங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, பெடலின் இணைப்பைக் கழற்றி, கருவியை இடையில் செருக வேண்டும். செருகிவிட்டுச் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஐந்து ரோடு மேம்பாலம் வரை ஓட்டினேன். புதிய வண்டி வாங்கியதுபோல் இருந்தது. அந்த ஒரு கணத் தயக்கம் போயே போய்விட்டது. புறவழிச்சாலையில் சேர்வது பயமில்லாத காரியமாயிற்று. முதல் இரண்டு மாதங்கள் கடைக்குப் போகக்கூடச் சுற்றுவழியில் போனேன்.

ஏற்காட்டுச் சாலைதான் கணக்கை மாற்றியது.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் கிளம்பி, அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். சேலம் நகரத்திலிருந்து ஏற்காடு ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஏற்றம். அந்த ஏற்றம் முழுவதையும் வலது பாதம் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வளைவுக்குள் நுழையும்போது நடக்கும் வேகம். ஸ்டியரிங்கை முழுக்கச் சுற்றியிருப்போம். அதைத் திரும்ப விடுவிக்க விடுவிக்க, அதே அளவுக்கு மிதியைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இந்த இரண்டு அசைவுகளும் ஒன்றோடொன்று பின்னி வந்தால் உட்கார்ந்திருப்பவருக்கு வளைவே தெரியாது.

கருவியில் பல நிலைகள் உண்டு. கூர்மையான நிலையில் சிறு மிதியையும் அது பெரிதாக்கிச் சொல்லும். அந்த நிலையில் வைத்துக்கொண்டு வளைவில் அப்படி ஓட்ட முடியவில்லை. பெடலின் முதல் கால்பங்கிலேயே பாதிக்கு மேல் கொட்டிவிடுகிறது. பாதி மிதித்தால் எல்லாம் தீர்ந்தது. அதற்குக் கீழே கால் எவ்வளவு இறங்கினாலும் கேட்பார் இல்லை. அதோடு எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ எழும்பச் சற்று நேரம் பிடிக்கும். அந்தத் தாமதத்தைக் கருவியால் தொடவே முடியாது. எனவே கணினி த்ராட்டிலை அகலத் திறந்துவிடுகிறது, டர்போ பின்னால் ஓடி வருகிறது, இரண்டும் சேரும் நேரத்தில் நான் இன்னும் வளைவுக்குள்ளேயே இருக்கிறேன். சக்கரம் வழுக்க, வழுக்கலைத் தடுக்கும் ஏற்பாட்டின் விளக்கு கண்ணடிக்கிறது. மழைக்குப் பிறகு தார் பெயர்ந்த இடங்களில் இன்னும் மோசம். பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் கால் நடுங்கும். அந்த நடுக்கத்தையும் கருவி என் கட்டளை என்று எடுத்துக்கொண்டு இரட்டிப்பாக அனுப்பும். வண்டி குதிக்கும். குதித்தால் கால் மீண்டும் அசையும்.

எங்கள் குடும்பத் தொழில் வெள்ளிக் கொலுசு. தராசு மிகவும் கூர்மையாக இருந்தால் நிறுக்க முடியாது என்பது எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். மின்விசிறிக் காற்றுக்கும் முள் ஆடும், மூச்சுக்கும் ஆடும். எடை தெரிய வேண்டுமானால் முள் நிற்க வேண்டும். அந்த முள் ஆடுவதை என் பாதத்துக்குக் கீழே நான் உணர ஆறு மாதமாயிற்று. என் மனைவி முதல் பயணத்திலேயே சொல்லிவிட்டாள். எத்தனையோ முறை என்னோடு ஏற்காடு ஏறியிருக்கிறாள், ஒருநாளும் குமட்டியதில்லை. அன்று எட்டாவது வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றாள். "நீங்கள் ஓட்டுவது மாறிவிட்டது" என்றாள். நான் ஓட்டுவது மாறவில்லை என்று வாதாடினேன். அவள் சொன்னதுதான் சரி. மலைச்சாலையில் ஒரு வண்டியின் தரத்தைச் சொல்ல, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவரைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

வீட்டு வாசலிலும் ஒரு தொல்லை. எங்கள் தெரு குறுகல், வாசலில் சரிவு. பின்பக்கமாகத்தான் வண்டியை ஏற்ற வேண்டும். நாம் எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பெடல் மட்டும். ரிவர்ஸில் ஒரு முறை பாய்ந்ததில் சுவருக்கும் பம்பருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளிதான் மிச்சம். அன்று முதல் தெருவுக்குள் திரும்பும்போதே கருவியை அணைத்துவிடுகிறேன். மறந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு ஒவ்வொரு நாளும் கூடவே வருகிறது. குழந்தைகள் விளையாடும் தெரு அது.

மைலேஜும் குறைந்தது. முன்பு எனக்கு 12 கிடைத்துக்கொண்டிருந்தது, கூர்மையான நிலையில் பத்தரை. இதற்குப் பெட்டியைப் பழிசொல்ல மாட்டேன். பெடல் அதிகமாக மிதிபடுவதாக நினைத்துக் கியர்பெட்டி கீழ்க் கியரிலேயே தங்கிவிடுகிறது, எனக்கும் அந்தப் பாய்ச்சல் பிடித்துப்போயிருந்தது.

பதினான்காம் மாதத்தில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீழிருந்து எண்ணினால் பதினொன்றாவது வளைவு. மேலிருந்து இறங்கிய பஸ் வளைவை முழுவதும் அடைத்துக்கொண்டு திரும்பியது. ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்றாலும், அவ்வளவு நீள வண்டிக்கு வேறு வழியில்லை, நான் நின்றேன். பஸ் போனதும் மிதித்தால் எஞ்சின் விளக்கு எரிகிறது, வண்டிக்கு உயிரே இல்லை. எவ்வளவு மிதித்தாலும் ஊர்ந்துதான் போகிறது. பின்னால் வரிசையாக வண்டிகள். மலைச்சரிவில், வளைவின் வாயில், இழுக்காத வண்டியோடு நின்ற அந்த ஐந்து நிமிடத்தை மறக்கவே மாட்டேன். ஓரமாக ஒதுக்கி, அணைத்து, மீண்டும் எழுப்பியபோது சரியாயிற்று. மறுநாள் சூரமங்கலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். பி 2138 என்ற குறியீடு. பெடலின் இரண்டு சென்சார்களும் சொல்வது பொருந்தவில்லை என்பது அதன் பொருள். சாட்சிகள் முரண்பட்டால் எஞ்சினைக் கட்டிப்போட வேண்டும் என்பது பாதுகாப்பு ஏற்பாடு. கணினி தன் கடமையைச் செய்திருக்கிறது. கருவியின் இணைப்பு முழுமையாகப் பொருந்தாமல், தரைவிரிப்பு இடித்து இடித்துத் தளர்ந்திருந்தது. மெக்கானிக் அதைக் கழற்றித் துடைத்து, "டக்" என்று சத்தம் கேட்கும்வரை அழுத்திச் செருகி, ஒயரை மேலே தூக்கிக் கட்டினார். பிறகு இன்றுவரை அந்த விளக்கு எரியவில்லை. தவறு மாட்டிய என்னுடையது. ஆனாலும் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இன்னொரு இணைப்பை வைப்பது என்றால் என்ன என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அப்போதே கழற்றியிருப்பேன். கழற்றாததற்குக் காரணம் ஒரு நவம்பர் காலை.

வடகிழக்குப் பருவமழை நேரம். பாதி மலை ஏறியதும் மூடுபனி இறங்கிவிட்டது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. சாலையெல்லாம் ஈர இலைகள். கருவியில் நான் ஒருநாளும் தொடாத ஒரு நிலை இருந்தது, சிக்கன நிலை. தொழிற்சாலை வைத்ததைவிடவும் பெடலை மந்தமாக்குவது அது. மந்தத்தைப் போக்கத்தானே வாங்கினேன் என்று அதை ஒதுக்கியே வைத்திருந்தேன். அன்று வேறு வழியில்லாமல் அதில் வைத்தேன். பெடல் நீண்டுவிட்டது. முன்பு ஒரு விரல் தடிமனுக்குள் அடங்கிய அளவுகளெல்லாம் இப்போது ஒரு சாண் தூரத்துக்கு விரிந்து கிடந்தன. ஒரு நூல் மிதித்தால் ஒரு நூல் வந்தது. ஈரச் சாலையில் ஒரு சக்கரம்கூட வழுக்காமல், ஒரு குலுக்கல்கூட இல்லாமல், வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கு வந்தன. மேலே காப்பித் தோட்டங்களை நெருங்கும்போது சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு காட்டெருமை சாலைக்கு வந்து நின்றது. அதன் உடல் பனியைவிடச் சற்றே கறுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நின்றேன். அது போனதும், அந்த ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து சத்தமே இல்லாமல் நகர்ந்தேன். என் மனைவி கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள், எழவே இல்லை. இந்த வண்டி இவ்வளவு மென்மையாகப் போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இப்போது நகரத்தில் கூர்மையில் ஒரு படி, மலையில் சிக்கன நிலை, தெருவுக்குள் அணைப்பு. இப்படித்தான் ஓடுகிறது.

ஆகவே மருமகனே, உனக்கு என் பதில்: வாங்காதே. முதலில் உன் வண்டியிலேயே இருக்கும் ஸ்போர்ட் பொத்தானை அழுத்திப் பார். பல வண்டிகளில் அந்தப் பொத்தானே பெடலின் கணக்கை மாற்றிவிடும், ஒரு பைசா செலவில்லை. அடுத்து, கியரைக் கையால் மூன்றில் நிறுத்தி, எஞ்சின் 3,000 சுற்றில் ஓடும்போது மிதித்துப் பார். உடனே பதில் வந்தால் உன் தொல்லை பெடலில் இல்லை, கியர்பெட்டியிலோ டர்போவிலோ இருக்கிறது. அதற்கு இந்தப் பெட்டியால் ஒன்றும் செய்ய முடியாது. விலை குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் காலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே எதையும் நுழைக்காதே.

அப்படியானால் உங்களுடையதைப் பாதி விலைக்குத் தருகிறீர்களா என்று நீ கேட்பாய். தர மாட்டேன். ஐப்பசி பிறக்கப்போகிறது, மலையில் பனி இறங்கும்.