குடல் அறுவைக்குப் பின்: எந்த வினாத்தாள் சரியாகக் கேட்கிறது?

மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, குடலை மீண்டும் இணைத்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவரிடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழர்கள் கேட்பது ஒன்றுதான்: "உடம்பு எப்படி இருக்கிறது?" பதிலும் தயாராக இருக்கும்: "சாமி புண்ணியத்தில் நன்றாக இருக்கிறது." மருத்துவ உலகம் இதையே வாழ்க்கைத் தரம் என்ற பெயரில், வினாத்தாள் வைத்து மதிப்பெண்ணாக அளக்கிறது. அந்த வினாத்தாள்களில் சில, 'நன்றாக இருக்கிறது' என்ற பதிலோடு நின்றுவிடுகின்றன. எது நிற்கிறது, எது உள்ளே போகிறது என்பது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பொதுவானவை. ஈக்யூ-5டி வினாத்தாளில் ஐந்தே கேள்விகள்: நடமாட்டம், குளிப்பது உடுத்துவது, வழக்கமான வேலைகள், வலி, மனக்கவலை. கூடவே, இன்றைய உடல்நிலையை 0 முதல் 100 வரை ஓர் அளவுகோலில் குறிக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிட வேலை. முழங்கால் அறுவையையும் குடல் அறுவையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க இது உதவும். அரசுப் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்பவர்களுக்கு இது தேவையும்கூட. எஸ்எஃப்-36 இதே இனம்தான்: 36 கேள்விகள், எட்டுப் பிரிவுகள், கடந்த நான்கு வாரங்களைப் பற்றியவை. இரண்டிலும் மலம் கழிப்பது பற்றி ஒரு கேள்விகூடக் கிடையாது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில், இப்படிக் குடலை இணைத்த, எனக்குத் தெரிந்த ஆயா (பாட்டி) ஒருவருக்கு ஈக்யூ-5டி கேள்விகளைத் தமிழில் படித்துக் காட்டினேன். "வழக்கமான வேலைகளில் சிரமம் உண்டா, ஆயா?" "என்ன சிரமம், மகளே? சமைக்கிறேன், துணி துவைக்கிறேன்." ஐந்துக்கும் 'இல்லை' என்றே சொன்னார். அடுத்து, மலக்குடல் அறுவைக்குப் பின் குடல் எப்படி வேலை செய்கிறது என்று கேட்கும் லார்ஸ் வினாத்தாளை எடுத்தேன். கழிப்பறைக்கு ஓடியே தீர வேண்டிய அவசரம் வருகிறதா என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தினார். "அதனால்தானே இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி பார்க்கப் போகவில்லை. டாக்சியில் ஏறினால் இறங்கும் வரை நெஞ்சு படபடக்கிறது." கோயிலும் பயணமும் அவருடைய 'வழக்கமான வேலைகள்' பட்டியலிலிருந்தே விழுந்துவிட்டன. அதனால் அங்கே சிரமம் 'இல்லை'. நோயாளி தன் வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டு அதற்குப் பழகிப்போனால், பொதுவான வினாத்தாளில் மதிப்பெண் ஏறத்தான் செய்யும்.

லார்ஸ் 2012-இல் டென்மார்க்கில் உருவானது. இதிலும் ஐந்தே கேள்விகள்: வாயுவை அடக்க முடியாமை, நீர்த்த மலம் கசிதல், ஒரு நாளில் எத்தனை முறை, போய்வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் போக வேண்டியிருப்பது, அவசரம். மொத்தம் 42 மதிப்பெண், கூடினால் பாதிப்பு அதிகம்: 20 வரை பாதிப்பில்லை, 21 முதல் 29 வரை லேசானது, 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. நோயாளிகளின் வாழ்க்கையை எது எவ்வளவு கெடுக்கிறது என்று பார்த்து மதிப்பெண்ணைப் பிரித்திருப்பதுதான் இதன் சிறப்பு. கசிவுக்கு அதிகபட்சம் 3, அவசரத்துக்கு 16. மருத்துவர்கள் கசிவைத்தான் பெரிதாக நினைப்பார்கள். நோயாளிகளை வாட்டுவது அவசரம். ஆயாவுக்கு அவசரம் 16, திரும்பத் திரும்பப் போவது 11, வாயு 4, நாளுக்கு நான்கைந்து முறை என்பதற்கு 2. ஆக 33. ஒரே நாளில் ஒரு தாளில் எந்தக் குறையும் இல்லை, இன்னொரு தாளில் கடுமையான பாதிப்பு.

ஆனால் லார்ஸ் குடலின் வேலையை அளக்கும் கருவி. மனச்சோர்வு, களைப்பு, கணவன் மனைவி உறவு எதையும் அது தொடாது. மலம் வெளியேற வயிற்றில் திறப்பு போட்டுப் பை வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது; தற்காலிகப் பை என்றால் அந்தத் திறப்பை மூடிய பிறகுதான் கேட்க முடியும்.

அந்த இடத்தில் க்யூஎல்க்யூ-சி30 முன்னே நிற்கிறது. 1993-இல் வெளிவந்த இந்தப் புற்றுநோய் வினாத்தாளில் 30 கேள்விகள். குடல் புற்றுநோய்க்கான சிஆர்29-ஐச் சேர்த்தால் 59. உடல் தோற்றம் பற்றிய வருத்தம், பையைச் சுற்றித் தோல் புண்ணாவது, கூச்சம், தாம்பத்தியம் எல்லாம் அதில் உண்டு. ஆராய்ச்சிக்கு இதுவே என் தேர்வு. ஆனால் கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் ஒரு முதியவருக்கு 59 கேள்விகளையும் படித்துக் காட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? அதைவிடப் பெரிய குறை: வாயு, கசிவு, எத்தனை முறை என்றெல்லாம் கேட்கும் சிஆர்29, அவசரத்தைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. ஆயாவின் காவடி அதிலும் தப்பிப்போயிருக்கும்.

புற்றுநோய் இல்லாமல் வேறு காரணத்துக்காகக் குடலை வெட்டியவர்களுக்கு, செரிமான உறுப்புகள் பற்றிய ஜிஐக்யூஎல்ஐ வினாத்தாள் பரவாயில்லை: 36 கேள்விகள், மொத்தம் 144, கூடினால் நல்லது. விழுங்குவது, நெஞ்செரிச்சல் பற்றிய கேள்விகள் அவர்களில் பலருக்கு வீண்.

பை வைப்பதா, குடலை இணைப்பதா என்ற கேள்விக்கும் இந்த அளவுகோல்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. நம் வீடுகளில் பை என்றாலே வாழ்க்கை முடிந்தது என்ற பேச்சு. குடலை இணைத்தவர்களின் வாழ்க்கைத் தரமே மேல் என்று உறுதியாகச் சொல்ல, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2012-இல் புதுப்பித்த ஆய்வுத் தொகுப்புக்குச் சான்று போதவில்லை. அறுவைக்கு முன்பே இதைக் குடும்பத்தோடு பேசியாக வேண்டும்.

என் தீர்ப்பு இது. குடலை இணைத்தவருக்கு ஒவ்வொரு வருகையிலும் லார்ஸ்; அதோடு சி30-இன் கடைசி இரண்டு கேள்விகள், அதாவது உடல்நிலையும் வாழ்க்கைத் தரமும் ஒன்று முதல் ஏழுக்குள் எவ்வளவு என்பவை. முழு 59 கேள்விகளை ஆண்டுக்கொரு முறை வைத்துக்கொள்ளலாம். அறுவைக்கு முன்பும் ஒரு தடவை கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். அறுவையே செய்யாதவர்களிலும் சிலருக்கு லார்ஸ் 30-ஐத் தாண்டும். கேள்விகளைப் படித்துக் காட்டுவது மகனாகவோ மருமகளாகவோ இருக்கக் கூடாது. அவர்கள் முன்னால் எந்த ஆயாவும் வாயு பற்றிப் பேச மாட்டார். லார்ஸ் 30-ஐ எட்டினால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டி லோபராமைடு (வயிற்றுப்போக்கைக் குறைக்கும் மருந்து), இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் குடலைக் கழுவும் முறை ஆகியவற்றில் எது பொருந்தும் என்று கேளுங்கள்.