டக்ஸ்டன் பினக்கிளா, டாசன் ஸ்கைவில்லா?

மறுவிற்பனை வீடு தேட ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. அப்பாவும் தம்பியும் டக்ஸ்டன் பினக்கிள் பக்கம். நானும் அம்மாவும் டாசன் ஸ்கைவில் பக்கம். இரண்டுமே சிங்கப்பூரில் வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், கட்டிய வீடுகள். இரண்டையும் ஆற அமர ஏறி இறங்கிப் பார்த்தாயிற்று. என் ஓட்டு ஸ்கைவில்லுக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் பினக்கிளுக்குச் சேர வேண்டிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். 1960களில் எழுந்த பழைய வாடகை புளோக்குகள் (அடுக்குமாடிக் கட்டடங்கள்) இருந்த மனையில், உலகளாவிய வடிவமைப்புப் போட்டி வைத்து, இருநூறுக்கும் மேற்பட்ட வரைவுகளிலிருந்து பொறுக்கி எடுத்துக் கட்டியது அது. 2009 கடைசியில் முடிந்தது. ஏழு கோபுரங்கள், 50 மாடி, 1,848 வீடுகள். 26ஆம் மாடியிலும் 50ஆம் மாடியிலும் ஏழு கோபுரங்களையும் கோத்துக்கொண்டு பாலம் ஓடுகிறது. சாதாரண சம்பளக்காரர்களுக்கென்று அரசாங்கம் கட்டிய வீட்டுக்கு இப்படியொரு மொட்டை மாடி கிடைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். 50ஆம் மாடியில் தடுப்பைப் பிடித்தபடி, கப்பல் எங்கே கட்டும், சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்கார்வார்கள் என்று தம்பிக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். கெப்பல் சாலையில் 2011இல் மூடிய ரயில் நிலையம், கீழே கடையும் மேலே வீடுமான பழைய ஷாப்ஹவுஸ்களின் ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் கடல். நடந்து போகிற தூரத்தில் கியோங் சைக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயில், சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில். ஊட்ரம் பார்க் நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள். இடத்தை வைத்து மட்டும் முடிவெடுப்பதென்றால் பேச்சே இல்லை, பினக்கிள்தான்.

ஆனால் அம்மாவுக்கு மூட்டு வலி. பகலெல்லாம் வீட்டில் இருப்பவர் அவர்தான். அவர் கண்ணால் பார்த்தால் கணக்கு மாறுகிறது. 50ஆம் மாடிப் பாலம் வெளியாட்களும் காசு கட்டி வந்து பார்க்கிற இடம். 26ஆம் மாடி குடியிருப்பாளர்களுக்கு மட்டும்தான், ஓடுபாதையெல்லாம் அருமை, ஆனால் அதுவும் 1,848 வீட்டுக்குப் பொது. நான் பார்த்தவரை ஓட வருகிறவர்கள் ஓடிவிட்டுப் போகிறார்கள். அம்மா அங்கே யாரிடம் பேச்சுக் கொடுப்பார்?

ஸ்கைவில்லில் இந்த விஷயத்தைத்தான் அடிப்படையிலிருந்து யோசித்திருக்கிறார்கள். வோஹா என்ற கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு. 2015இல் முடிந்தது. 47 மாடி, 960 வீடுகள். அவற்றைப் பன்னிரண்டு பகுதியாகப் பிரித்து, 80 வீட்டுக்கு ஒரு தோட்ட மாடி என்று வைத்திருக்கிறார்கள். பதினொரு மாடிக்கு ஒன்று. உங்கள் மாடி நடைவழியில் நின்று எட்டிப் பார்த்தால் உங்கள் தோட்டத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும். என் கூட வேலை செய்யும் அக்கா அங்கே குடியிருக்கிறார். 14ஆம் மாடித் தோட்டத்தில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு நாங்கள் வீடு பார்க்கப் போனோம். திரும்பி வருவதற்குள் ஒரு மலாய்ப் பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அம்மாவின் முழங்கால் பட்டையைத் தொட்டுப் பார்த்து எங்கே வாங்கியது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மேலே நடைவழியிலிருந்து பேத்தி கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனார். ஏழெட்டு மாடி உயரத்தில் கத்தினாலும் கேட்கிற தூரம். எனக்கு அங்கேயே மனசு முடிவாகிவிட்டது.

உச்சி மாடியிலும் தோட்டமும் ஓடுபாதையும் உண்டு. யார் வேண்டுமானாலும் இலவசமாக ஏறிப் பார்க்கலாம். கடல் அவ்வளவாக இல்லை, பச்சை நிறைய. வீட்டுக்குள் இடையில் தூணோ உத்தரமோ இல்லாததால் சுவரை நகர்த்தி அம்மா அப்பாவுக்கு ஒரே பெரிய அறையாக்கலாம். ஜன்னல்களை எதிரும் புதிருமாகத் திறந்து வைத்தால் மத்தியானத்திலும் காற்று ஓடுகிறது. நாங்கள் போன நேரம் அந்த அக்கா வீட்டில் ஏசி போடவே இல்லை.

குறையும் சொல்ல வேண்டும். குவீன்ஸ்டவுன் ரயில் நிலையத்துக்கு வெயிலில் நல்ல நடை. ஊட்ரம் பார்க்கோடு ஒப்பிடவே முடியாது. விலையிலும் ஸ்கைவில் ஒன்றும் மலிவில்லை. இரண்டிலுமே பத்து லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டி வீடுகள் கைமாறியிருக்கின்றன. குத்தகையில் சில ஆண்டுகள் கூடுதலாக மிஞ்சியிருப்பது மட்டும் ஸ்கைவில்லுக்கு லாபம். கோயிலுக்கு அம்மா கவலைப்படவில்லை. காமன்வெல்த் டிரைவில் முனீஸ்வரன் கோயில் இருக்கிறது. ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் தண்டவாளத்தோரம் வைத்துக் கும்பிட்ட சாமி என்பதால் அப்பாவுக்கும் அங்கே ஒட்டுதல் உண்டு.

நம்மவர்கள் இரண்டில் எதைப் பார்க்கப் போனாலும், முகவரைக் கூப்பிடுவதற்கு முன் வீவக இணையத்தளத்தில் அந்த புளோக்கின் இன ஒதுக்கீட்டை, அதாவது எந்த இனத்தவர் எவ்வளவு பேர் அங்கே வீடு வாங்கலாம் என்ற வரம்பை, பாருங்கள். இந்தியர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் விற்பவரும் அந்த ஒதுக்கீட்டைச் சேர்ந்தவராக இருந்தால்தான் நாம் வாங்க முடியும். மேற்குப் பார்த்த வீடென்றால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போய், வெயில் எந்த அறை வரை வருகிறது என்று நின்று பாருங்கள்.