நெடுநாள் நின்ற எஞ்சினுக்கு ஆயில் ஏற்ற 5 லிட்டர் ஸ்பிரேயர்: வாங்கலாமா?

செடிக்கு மருந்தடிக்கும் 5 லிட்டர் கை ஸ்பிரேயர் வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டு மூன்று வருஷம் ஓடாமல் நின்ற டீசல் எஞ்சினுக்கு ஆயில் பிரஷரைத் திரும்பக் கொண்டுவர இதைவிட மலிவான கருவி கிடையாது. ஆனால் கடையில் வாங்கியபடியே மாட்டினால் பாதி வேலைகூட நடக்காது. சில மாற்றங்கள் செய்தாக வேண்டும்.

ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஷெட்களில் மூலையில் தூசி படிந்து நிற்கும் ஜெனரேட்டர்களுக்கும் கரையேறிய விசைப்படகு எஞ்சினுக்கும் நோய் ஒன்றுதான்: ஆயில் பிரஷர் ஏறாது. அசோக் லேலண்டின் ஆறு சிலிண்டர் எஞ்சின் லாரியிலும் ஓடுகிறது, ஜெனரேட்டரிலும் ஓடுகிறது, மீன்பிடி படகிலும் ஓடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நிற்கும் எஞ்சின் பெரும்பாலும் தொல்லை தராது. வருஷக்கணக்கில் நின்றதுதான் கைவிடும்.

காரணம் எளிது. ஆயில் பம்பின் பற்சக்கரங்களுக்கு நடுவே ஆயில் படலம் இருந்தால்தான் அது உறிஞ்சும். நாளாக நாளாக அந்தப் படலம் வடிந்து, எஞ்சின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் இறங்கிவிடுகிறது. காய்ந்த பம்ப் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். உறிஞ்சு குழாயின் ஓ-ரிங் இறுகி வெடித்திருந்தால் அந்த வழியாகவும் காற்று புகும். இந்த நிலையில் ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருப்பவர், பேரிங்குகளை உலர்ந்த தண்டின்மேல் உரசவிடுகிறார். ஸ்பிரேயர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது: எஞ்சின் சுழலும் முன்பே ஆயில் பேரிங்கில் இருக்கும்.

முதல் மாற்றம், ஸ்பிரேயரின் கைப்பிடிக் குழலையும் நாசிலையும் கழற்றி எறிவது. அந்தத் துளை தண்ணீருக்கானது. 15டபிள்யூ-40 ஆயிலின் கொழகொழப்பு 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல். அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதற்குப் பதில் 8 மி.மீ. நைட்ரைல் ஹோஸ், ஒரு பால் வால்வு, டி-ஜாயிண்ட்டில் 0 முதல் 7 கிலோ வரை (சதுர செ.மீ.க்கு) பிரஷர் காட்டும் கேஜ். இரண்டாவது, மூடியின் ஓ-ரிங்கும் பம்ப் வாஷரும். அவை ஈபிடிஎம் ரப்பராக இருந்தால் மினரல் ஆயிலில் ஊதிப்போகும். நைட்ரைல் அல்லது வைட்டான் வாங்கி மாற்றுங்கள். பூச்சிமருந்து அடித்த பழைய ஸ்பிரேயரை எத்தனை முறை கழுவினாலும் இதற்குத் தொடக்கூடாது.

எஞ்சினில் இணைப்பது ஆயில் பிரஷர் சுவிட்ச் இருக்கும் துளையில். இங்கேதான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) மரையில் அங்குலத்துக்கு 28 சுற்று, 1/8 என்பிடியில் (அமெரிக்க அளவு) 27. ஒன்றில் மற்றதைப் போட்டால் இரண்டு மூன்று சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும், பலமாகத் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும். சில எஞ்சினில் எம்10 மரையும் உண்டு. கழற்றிய சுவிட்சையே லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், அதன் மரையைப் பார்த்து அடாப்டர் கடையச் சொல்வதுதான் பாதுகாப்பு. டெஃப்லான் டேப்பைத் தடிமனாகச் சுற்ற வேண்டாம். அதன் துணுக்கு ஒன்று, பேரிங்குகளுக்கு ஆயில் கொண்டுபோகும் முக்கிய வழியான கேலரிக்குள் போனால் ஏதாவது ஒரு ஆயில் துளையை அடைத்துக்கொள்ளும்.

வேலையைத் தொடங்கும் முன் பழைய ஆயிலை இறக்கிப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, மேலே போகாதீர்கள். சரியாக இருந்தால் இன்ஜெக்டர் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 முதல் 10 மில்லி ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, எஞ்சினைத் திருப்பும் கம்பியை (பார்) போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். புது ஆயிலை அளவுக்கு 3 லிட்டர் குறைத்து ஊற்றுங்கள். ஸ்பிரேயரில் போகும் 3 லிட்டரும் கடைசியில் சம்ப்பில்தான் விழும். இந்தக் கணக்கை மறந்தால் சம்ப் நிரம்பி, கிராங்க் (எஞ்சினின் சுழல் தண்டு) ஆயிலைக் கடைந்து நுரையாக்கி, பிரஷர் மறுபடி விழும்.

ஸ்பிரேயரிலும் 3 லிட்டருக்கு மேல் வேண்டாம். மீதி இடம் காற்றுக்கு. அக்னி நட்சத்திர நாட்களில் கேனை ஒரு மணிநேரம் வெயிலில் வைத்தால் போதும், ஆயில் இளகிவிடும். மார்கழியில் வெந்நீர் வாளி தேவைப்படும். 2 கிலோ வரை பம்ப் செய்து வால்வைத் திறங்கள். ஒவ்வொரு அரை லிட்டருக்கும் கிராங்க்கைக் கால் சுற்று, எஞ்சின் ஓடும் திசையிலேயே திருப்புங்கள். தண்டின் துளைகள் நேர்படும்போதுதான் உள்ளே போகும். எஞ்சின் தலைமேல் இருக்கும் டாப்பட் கவரைத் திறந்து வைத்திருந்தால் ராக்கரில் ஆயில் எட்டிப்பார்ப்பது தெரியும். கேனுக்குக் காற்று ஏற்ற கம்ப்ரசரை மட்டும் இணைக்காதீர்கள். பிளாஸ்டிக் கேன் வெடிக்கும்.

இந்த ஸ்பிரேயருக்கு முழு மதிப்பெண் வாங்கித் தருவது நோய் கண்டுபிடிக்கும் திறன்தான். எவ்வளவு பம்ப் செய்தாலும் முள் அரைக் கிலோவைத் தாண்டவில்லை என்றால் கேலரிப் பக்கம் எங்கோ கசிவு. கிராங்க்கேஸ் கதவு உள்ள எஞ்சினில் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா பேரிங்கிலிருந்தும் ஒரே மாதிரிச் சொட்ட வேண்டும். ஒன்றில் மட்டும் ஒழுக்காக ஊற்றினால் அந்த பேரிங் தேய்ந்துவிட்டது. ஸ்பிரேயரில் பிரஷர் நன்றாக நின்று, எஞ்சின் சுழலும்போது மட்டும் வரவில்லையா? கோளாறு உறிஞ்சு குழாயிலோ பம்பிலோ, துருவேறித் திறந்தபடி மாட்டிக்கொண்ட ரிலீஃப் வால்விலோ (மிகைப் பிரஷரை வெளியேற்றுவது) இருக்கிறது.

ஒரு குறையை மறைக்கக்கூடாது. சுவிட்ச் துளை ஃபில்டருக்குப் பின்னால் இருக்கிறது. ஃபில்டருக்குள் ஆயிலைத் திரும்பவிடாத வால்வு இருந்தால் ஆயில் பின்னோக்கிப் பம்புக்குப் போகாது. ஆகவே பம்பைத் தனியாக நனைக்க வேண்டும்: ஃபில்டரைக் கழற்றி, பம்பிலிருந்து வரும் துளையில் சிரிஞ்சால் 50 மில்லி ஆயில் விடுங்கள். பம்பையே கழற்றியிருந்தால் பற்களுக்கு இடையே வாசலின் அடைக்கலாம். அது சூட்டில் கரைந்துவிடும். கிரீஸ் வேண்டாம், கட்டியாக நின்று வழியை அடைக்கும்.

பிறகு சுவிட்ச் துளையில் கேஜை மாட்டி, டீசலை அடைத்து, 10 முதல் 15 விநாடி கிராங்க் செய்து, ஸ்டார்ட்டர் ஆற இரண்டு நிமிஷம் விட்டு, மறுபடி. முள் எழுந்த பிறகே டீசலைத் திறக்க வேண்டும். டர்போ இருந்தால் அதன் ஆயில் வாயிலும் முன்கூட்டியே நிரம்பியிருக்க வேண்டும். புகைக்குழாயில் தண்ணீர் கலந்து வெளியேறும் படகு எஞ்சினில் கூடுதல் எச்சரிக்கை உண்டு: வெறும் கிராங்க் செய்யும் நேரமெல்லாம் கடல்நீர் வால்வு மூடியே இருக்கட்டும், பற்றிக்கொண்ட உடனே திறங்கள். இல்லாவிட்டால் வெளியேற வேகமில்லாத தண்ணீர் சைலன்சரில் தேங்கி, சிலிண்டருக்கே திரும்பும். அந்த எஞ்சின்களைப் பின்புறமாகச் சுற்றவும் கூடாது. தண்ணீர் பம்பின் ரப்பர் இறகுகள் மடங்கி ஒடியும்.

ஒற்றைச் சிலிண்டர் கிணற்றடி எஞ்சின்களில் தெளிப்பு முறையில் எண்ணெய் போடுபவைக்கு இந்தக் கருவியே தேவையில்லை. நாலு, ஆறு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் வாங்கலாம். கடையில் கேனைத் தூக்கிப் பார்க்கும்போது, மூடியைக் கழற்றி வாஷர் தனியாக வருகிறதா, அதே அளவு நைட்ரைல் ரிங் அந்தக் கடையிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். வாஷரை ஒட்டியே செய்திருக்கும் மாடல் வேண்டாம்.