எஸ்விடியா, பி-15ஆ? வால்வ் பேஸ் ஆம்ப் ஒப்பீடு

இரண்டுமே ஆம்பெக் நிறுவனத்தின் பேஸ் கிட்டார் ஆம்ப்கள்தான். 1960இல் வந்த பி-15இல் இரண்டு 6எல்6 பவர் வால்வுகள் (ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்கள்), ஒற்றை 15 அங்குல ஸ்பீக்கர். 25 முதல் 30 வாட். 1969இல் வந்த எஸ்விடியில் பவர் வால்வுகள் ஆறு, 300 வாட்; கூடவே எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய பெட்டி.

ரெக்கார்டிங்குக்கு பி-15 தாராளம். டிரம்மர் ஓங்கி அடித்தால் திணறி ஒலி உடையும். அந்த உடைசலுக்காகவே அதை வாங்குவோர் உண்டு. சுத்தமான பேஸ் மேடையில் உரக்கக் கேட்க வேண்டுமானால் எஸ்விடி. ஆனால் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி) மட்டுமே 35 கிலோவைத் தாண்டும், மாடிப்படி என்றால் துணைக்கு ஆள் வேண்டும்.

எஸ்விடியின் பெரிய பெட்டியில் 32 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர்கள் எட்டும் பேரலலில், அதாவது பக்க இணைப்பில், சேர்ந்து 4 ஓம் ஆகின்றன. ஹெட்டின் பின்புற சுவிட்சும் 4இல் இருக்க வேண்டும். அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று சேர்த்தால் 2க்கு மாற்றுங்கள்.

எந்த வால்வ் ஆம்ப் ஆனாலும் ஸ்பீக்கர் இல்லாமல் வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, சுருளின் காப்பு உடைந்துவிடும். கிட்டார் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடுவதும் ஆபத்தே: மெல்லிய கம்பி சூடேறி அறுந்தால் அதே கதிதான்.

செலவு இடிப்பது வால்வ் மாற்றும்போது. எஸ்விடிக்கு ஆறையும் மேட்ச் செய்த (ஒரே அளவில் இயங்கும்) செட்டாக வாங்கி, பயாஸ், அதாவது வால்வுகளில் ஓடும் அடிப்படை மின்னோட்ட அமைப்பு, சரிபார்க்க வேண்டும். ஒன்றின் பிளேட் (வால்வுக்குள் இருக்கும் உலோகத் தகடு) மட்டும் சிவந்து தெரிந்தால் உடனே அணையுங்கள். உள்ளே கபாசிட்டர்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தேங்கியிருக்கும்; திறப்பதை டெக்னீஷியனிடம் விடுங்கள்.