ரோமில் கைடோடு பஸ் டூர் புக் பண்ணப் போகிறீர்களா? எங்களுக்கு 356 யூரோ போச்சு

நேற்று ராத்திரிதான் டூர் விற்றவர்களிடமிருந்து கடைசி பதில் வந்தது. இன்னும் கோபம் ஆறவில்லை, வார்த்தையில் சூடு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 89 வீதம் நாலு பேருக்கு 356 யூரோ, நம்ம காசுக்கு முப்பதாயிரத்துக்கு மேல். பெயர் போடவில்லை. டூர் டிக்கெட் விற்கும் ஒரு ஆன்லைன் தளம், அதற்குக் கீழே ஒரு உள்ளூர் ஏஜென்ட், அவ்வளவு சொன்னால் போதும்.

ஏசி பஸ், கூடவே வரும் ஆங்கில கைடு, பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்துக்குள் நுழைவு, வத்திக்கான் அருங்காட்சியகம், ட்ரெவி நீரூற்று, பாந்தியன் என்ற பழைய கோவில், எல்லாம் ஒரே நாளில் என்று போட்டிருந்தார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி, நூறடி நடந்தால் உட்கார இடம் தேடுவார். அதைச் சொல்லி வாட்ஸப்பில் கேட்டேன். ரெண்டே நிமிஷத்தில் அந்த ஏஜென்ட் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார், "கவலையே வேண்டாம் சார், உங்க அப்பா எனக்கும் அப்பா மாதிரி, முன் சீட் போட்டுத் தர்றேன், எல்லா இடத்திலும் பஸ் வாசலிலேயே நிற்கும்" என்று, அவ்வளவு கனிவான ஆங்கிலத்தில். அம்மாவுக்கு அர்த்தம் சொல்லிப் போட்டுக் காட்டினேன். "நல்ல பிள்ளையா இருக்கான், கட்டிடு" என்றார். முழுப் பணத்தையும் அப்போதே கட்டினேன்.

ஞாயிறு காலை டெர்மினி ஸ்டேஷன் பக்கம் மஞ்சள் குடையோடு ஒரு பெண் நின்றார். சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டினார், பிளாஸ்டிக் உறையில் ஆளுக்கொரு இயர்போன் கொடுத்தார், எங்களை மேல்தளம் திறந்த டவுன் டூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கீழேயே நின்றுகொண்டார். கைடு அந்த இயர்போன்தான்! சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தின் முன்னால் சிக்னலில் நிற்கும்போது அது வேறெங்கோ இருக்கும் பழைய தேர்ப்பந்தய மைதானமான சிர்க்கஸ் மாக்சிமஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

கொலோசியத்தில்தான் பெரிய அடி. 2023-லிருந்து அங்கே டிக்கெட்டில் பார்வையாளர் பெயர் இருக்க வேண்டும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்பார்ப்பார்கள். எங்களுக்கு வந்த பிடிஎஃப்பில் நாலு டிக்கெட்டிலும் யாரோ ஒருவரின் ஒரே பெயர். உள்ளே விடவில்லை. கி.பி. 80-இல் ரோமப் பேரரசர் டைட்டஸ் திறந்துவைத்தபோது நூறு நாள் விளையாட்டு நடந்ததாம், இயர்போன் சொல்லியது, நாங்கள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். அப்புறம் வத்திக்கான். மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும், இது கடைசி ஞாயிறும் இல்லை. மூடிய கதவுக்குச் சேர்த்துத்தான் காசு வாங்கியிருக்கிறார்கள். ட்ரெவி, பாந்தியன் இருக்கும் சந்துகளுக்குள் அந்த பஸ் போகவே முடியாது. பார்பெரினி சதுக்கத்தில் இறக்கிவிட்டார்கள், கருங்கல் பாவிய தெருவில் அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். பாந்தியன் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அன்றைக்கே ஏஜென்டுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நீலக் குறி மட்டும் விழுந்தது, பதில் இல்லை. தளத்தின் சாட்டில் கேட்டால் "டூர் நடத்துபவரைத் தொடர்புகொள்ளவும்". அந்த ஆள் போனை எடுக்கவில்லை என்று சொன்னால் "48 மணி நேரம் பொறுங்கள்". பொறுத்தோம். "நீங்கள் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்கள், எனவே சேவை வழங்கப்பட்டது" என்று வந்தது. டிக்கெட்டில் வேறு பெயர் இருந்த போட்டோவை அனுப்பினேன். நேற்று கடைசி பதில்: நல்லெண்ண அடிப்படையில் 20 யூரோ கூப்பன், அடுத்த டூருக்குக் கழித்துக்கொள்ளலாமாம். 356 யூரோவை விழுங்கிவிட்டு 20 யூரோ கூப்பன், அதுவும் அவர்களிடமே செலவழிக்க!

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கொலோசியம் டிக்கெட்டை அதன் அதிகாரப்பூர்வ தளத்தில் உங்கள் பெயரிலேயே எடுங்கள், பெரியவர்களுக்கு 18 யூரோதான். மெட்ரோ பி லைனில் வாசலிலேயே இறங்கலாம். ஏஜென்ட் வழி என்றால் நாலு பேரின் பாஸ்போர்ட் பெயரையும் கேட்காமல் காசு வாங்குகிறவரிடம் கட்டாதீர்கள். கைடு பஸ்ஸுக்குள் வருவாரா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ஸ் மெசேஜை அழிக்காதீர்கள், நான் கார்டு வங்கியில் புகார் கொடுத்தபோது அதைத்தான் முதலில் கேட்டார்கள். 356 யூரோ திரும்ப வந்தால் இங்கேயே சொல்கிறேன்.