அடியில் குனிந்து பார்க்காமல் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, அதிலேயே தினமும் வேலைக்குப் போய்வரலாம் என்று எண்ணுகிறவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 3,200 பவுண்டு கொடுத்து நான் வாங்கிய கார் இப்போது வீட்டு முன்வாசலில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சாவியைத் திருகினால் உடனே உறுமுகிறது. ஆனால் அதன் உடல் துருப்பிடித்துப் போய்விட்டது. துரு என்பதுகூட என் புகார் இல்லை. இருபது வருஷக் காரில் துரு இருக்கத்தான் செய்யும். அந்தத் துருவைப் பட்டி பார்த்து, கறுப்புப் பூச்சு பூசி மறைத்து, "தினமும் ஓட்டத் தகுந்த வண்டி" என்று சொல்லி என் தலையில் கட்டினார்களே, அதுதான் என் புகார்.

எனக்கு நார்தாம்ப்டனில் வீடு, கெட்டரிங்கில் வேலை. ஏ43 சாலையில் பதினைந்து மைல். இரண்டு ஊருக்கும் நேரடி ரயில் கிடையாது. இரவு முறை வேலைக்குப் பஸ்ஸும் ஒத்துவராது. குடும்பத்துக்கு ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. எனக்கென்று ஒன்று வேண்டும் என்றபோது, பல காலமாக மனத்தில் இருந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரையே தேடினேன். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான, ஹிரோஷிமாவில் தயாரான இரண்டு இருக்கைக் கார் அது. நான் பார்த்தது 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறை. 2002ஆம் ஆண்டு வண்டி, 1.8 லிட்டர் எஞ்சின், 84,000 மைல் ஓடியது. எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். பின்சக்கர இயக்கம், மேலே துணிக்கூரை. கியர் கம்பியை மணிக்கட்டை அசைத்தே மாற்றிவிடலாம். இதை அன்றாடம் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உதிரி பாகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன, எஞ்சின் உழைக்கும் எஞ்சின். உடல் மட்டும் நன்றாக இருந்தால் இதைவிட நல்ல துணை கிடையாது.

விற்றவர் லண்டனின் மேற்குப் பக்கத்தில் இருந்தார். விளம்பரத்தில் ஆங்கிலம், போனில் என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். 2023 ஆகஸ்ட் கடைசியில், நல்ல வெயில் நாளில் போனேன். கார் கழுவித் துடைத்து, கூரையை மடித்துத் தயாராக நின்றது. டீ கொடுத்தார். ஊர், பிள்ளைகள், வேலை எல்லாம் விசாரித்தார்.

"தம்பி, முன்பு வைத்திருந்தவர் மழை, பனி பார்க்காமல் தினமும் இதில்தான் வேலைக்குப் போனார். ஒரு நாள் மக்கர் செய்ததில்லை. அடியில் புதிதாக அண்டர்சீல் என்கிற துருத்தடுப்புப் பூச்சு அடித்திருக்கிறேன், இனிப் பத்து வருஷத்துக்கு உங்களுக்குக் கவலை இல்லை."

அவர் சொன்ன இந்த மூன்று வாக்கியங்களும் எச்சரிக்கைகள். அன்றைக்கு எனக்கு அவை நற்சான்றிதழாகக் கேட்டன.

மழை, பனி பார்க்காமல் ஓட்டினார் என்றால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாலையில் தூவும் உப்பில் அந்தக் கார் குளித்திருக்கிறது என்று பொருள். செஷயரில் வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தில் வெட்டியெடுக்கிற பாறை உப்பு, உறைபனி இரவுகளில் லாரி லாரியாகச் சாலைகளில் கொட்டப்படுகிறது. அது காரின் அடியில் ஒட்டிக்கொண்டு மெதுவாக இரும்பைத் தின்கிறது. குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் தூங்கிய கார்தான் வாங்கத் தகுந்தது. புது அண்டர்சீலும் அப்படித்தான். நல்ல இரும்பின் மேல் பூசினால் அது காவல். துருவின் மேல் பூசினால் திரை. எந்த இரும்பின் மேல் பூசினீர்கள் என்று கேட்டு, பூசுவதற்கு முன் எடுத்த படத்தைக் காட்டச் சொல்ல வேண்டும். நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கேட்டேன். இங்கே மூன்று வருஷத்துக்கு மேலான கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனை உண்டு. காரின் பதிவு எண்ணைக் கொடுத்தால் அரசாங்க இணையதளத்தில் பழைய சோதனை முடிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். பார்த்தேன். 2021இலும் 2022இலும் "பின்பக்க 'சில்' பகுதியில் துரு" என்று இரு பக்கத்துக்கும் குறிப்பு எழுதியிருந்தார்கள். 'சில்' (sill) என்பது கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பகுதி. 2023 ஜூலைச் சோதனையில் துருவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"அண்ணா, முன்பு துரு என்று இருந்ததே?"

"அதையெல்லாம் வெட்டி எடுத்து வெல்டிங் செய்தாயிற்று தம்பி. பில் வீட்டில் எங்கேயோ இருக்கிறது, தேடி அனுப்புகிறேன்."

அந்த பில் இன்றுவரை வரவில்லை. இரும்பில் வந்த துரு தானாக ஆறாது. குறிப்பு மறைந்திருக்கிறது, வேலை செய்த பில் இல்லை என்றால் துருவை மூடியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சோதித்தவரையும் குறை சொல்ல முடியாது. எம்.ஓ.டி. சோதனையில் வண்டியைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். கண்ணால் பார்த்து, அழுத்தி, மெல்லத் தட்டித்தான் சோதிக்கிறார்கள்.

பதிவேட்டில் வேறொருவர் பெயர் இருந்தது. "மனைவியின் தம்பி வண்டி" என்றார். ரசீதில் "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று அவரே எழுதினார். வங்கி வழியாக முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டு, கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு எம்1 சாலையில் வீடு வந்தேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது.

இரண்டாவது வாரம் மழை. காலையில் கதவைத் திறந்தால் கண்ணாடி முழுவதும் உள்பக்கம் நீர்த்திவலைகள். இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தை அழுத்தினேன். விரல்களுக்கிடையில் தண்ணீர் ஊறி வந்தது. இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது, எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. துணிக்கூரையில் விழும் மழைநீர் பின்பக்க ஓரத்தில் உள்ள வாய்க்காலில் சேர்ந்து, சீட் பெல்ட் இருக்கும் இரு மூலைகளிலும் உள்ள துளைகளில் இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் கீழே வடிய வேண்டும். அந்தத் துளைகளை இலையும் மண்ணும் அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே வழிந்து, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற இரும்புக்குள் போய்த் தேங்குகிறது. அந்தப் பெட்டிதான் சில். வெளியே வண்ணம் பளபளக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "கூரை மடக்கும் கார் எல்லாமே கொஞ்சம் ஒழுகும் தம்பி. கொண்டு வாருங்கள், பார்த்துத் தருகிறேன்" என்றார். கொண்டு வருகிறேன் என்றால் வெளியூர் போயிருப்பார். அடுத்த வாரம் என்றால் மெக்கானிக்குக் காய்ச்சல். அன்பாகவே பேசினார், ஒரு முறைகூடக் குரல் உயரவில்லை. இப்படியே, வாங்கிய நாளிலிருந்து முப்பத்து நான்கு நாள் ஓடிவிட்டது. அந்தக் கணக்கை அவர் வைத்திருந்தார், நான் வைத்திருக்கவில்லை.

கடைசியில் நம் தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டேன். காரைத் தூக்கி, விளக்கைப் பிடித்து, பின் சக்கரத்துக்கு முன்னால் சில் முடியும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். ஓங்கிக் குத்தவில்லை, சும்மா அழுத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது. கறுப்புப் பூச்சு காய்ச்சிய பாலின் ஆடைபோலச் சுருண்டு வந்தது. அதற்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் பட்டி. பட்டிக்குள் மஞ்சள் நுரை. நுரை முழுக்கத் தண்ணீர். துருப் பொடி ஈரமான காப்பித்தூள் போல அவர் சட்டையில் கொட்டியது. இரும்பு என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எஞ்சினைத் தாங்கி முன்னால் நீளும் சட்டங்களிலும் இதே கறுப்புப் பூச்சு, இதே கதை. இந்தத் தலைமுறைக் காரில் அந்தச் சட்டங்கள் அடுக்கடுக்கான தகடுகள். இடுக்கில் ஈரம் தங்கினால் போகாது.

சீட் பெல்ட் பிணைந்திருக்கும் இடத்திலிருந்து முப்பது சென்டிமீட்டருக்குள் இரும்பு பலமிழந்தால் எம்.ஓ.டி. தேறாது. அங்கே தகட்டைத் தொடர்ச்சியாக வெல்டிங் செய்தே ஒட்ட வேண்டும். பட்டியும் நுரையும் பழுதுபார்த்தல் ஆகாது. என் பதின்மூன்று வயது மகள் அந்த இருக்கையில் அந்த பெல்ட்டைப் போட்டுக்கொண்டு ஐந்து வாரம் வந்தாள். பணம் போனதை மன்னிக்கலாம். என் மகளைப் பற்றி விசாரித்து, அவளுக்கு என்று சாக்லேட்டும் கொடுத்தனுப்பியவர் இதைச் செய்தார் என்பதை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். என்னைப்போல் அகப்பட்டுக்கொண்டவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வியாபாரியிடம் வாங்கிய கார் குறையுள்ளது என்றால் முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அதைத் தாண்டினால் பழுதுபார்க்க அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். அது சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் கார் என்பதால் ஓட்டிய அளவுக்குப் பணத்தைக் கழித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. பழுதுபார்க்கக் கேட்கும்போதும் அதன்பின் திருப்பிக் கொடுக்கும்போதும், முதல் ஆறு மாதத்தில் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்தது என்றே சட்டம் கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். ஆகவே அன்பான போன் பேச்சை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். குறை தெரிந்த அன்றே, காரைத் திருப்பித் தருகிறேன் என்று தேதி போட்டு எழுத்தில் அனுப்புங்கள்.

எனக்கு விற்றவரோ, நான் வியாபாரியே இல்லை, சொந்தக் கார் விற்றேன் என்றார். தனிநபர் விற்பனைக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது, அதனால்தான். அவருடைய போன் எண்ணை இணையத்தில் தேடினேன். அதே எண்ணில் ஏழு கார்கள் விற்பனைக்கு இருந்தன. எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்தேன். வியாபாரி தனிநபர்போல் நடித்து விற்பது இங்கே குற்றம். வியாபாரி எழுதும் "உள்ளது உள்ளபடி" என்ற வாசகத்துக்கு இந்த உரிமைகளைப் பறிக்கும் வலு கிடையாது.

விலையில் ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் கதை வேறு. 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரையிலான பொருளுக்கு கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்று 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு சொல்கிறது. கார்டு வாங்க மாட்டேன் என்கிற வியாபாரியிடம் நான் இனி நிற்கப்போவதில்லை.

சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போனேன். இங்கே 10,000 பவுண்டு வரை வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். மெக்கானிக்கின் எழுத்து அறிக்கை, படங்கள், ஏழு விளம்பரங்கள் எல்லாம் கொடுத்தேன். அவர் வரவில்லை, தீர்ப்பு எனக்குச் சாதகம். கைக்கு இதுவரை வந்தது 900 பவுண்டு. மீதிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெல்டிங்குக்கு 2,400 பவுண்டு கேட்கிறார்கள். அதுவரை சாலையில் ஓட்டவில்லை என்று அரசிடம் அறிவித்துவிட்டு, தார்ப்பாயைப் போர்த்தியிருக்கிறேன்.

ஊரில் பழைய கார் பார்க்கப் போனால் என் மாமா விரல் முட்டியால் கதவோரம் எல்லாம் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீர் என்னும், பட்டி பார்த்த இடம் பொத்தென்னும். அந்தப் பழக்கத்தை நான் இங்கே வந்து விட்டுவிட்டேன்.

போன மாதம் கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இதே மாதிரிக் காரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நானும் வருகிறேன் என்று கூடப் போனேன். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தம் ஒன்றை, வண்ணம் கீறாதபடி மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். பானெட்டில் வைத்தபோது ஒட்டவில்லை, தம்பி பதறினார். அது அலுமினியம், இந்தக் காரில் அப்படித்தான் இருக்கும் என்றேன். கதவில் ஒட்டியது. கதவுக்குக் கீழே முன்பக்கம் ஒட்டியது. பின் சக்கரத்தை நோக்கி ஒவ்வொரு சாணாக நகர்த்திக்கொண்டே போனேன். கடைசிச் சாணில் பிடிப்பு விட்டு, காந்தம் தரையில் விழுந்தது. அந்தக் காரை விற்க நின்றவர் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். இருவரும் பஸ் ஏறி வந்தோம்.