டிஃபெண்டரா, வெளி ஆன்டிவைரஸா, தனிக் காவல் கருவியா: வீட்டுக் கணினிக்கு எந்தக் கூட்டணி?

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் வீட்டுக் கணினிக்குக் காசு செலவில்லாமல் பாதுகாப்பு வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. உள்ளேயே இருக்கும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரை வைத்துக்கொண்டு, அதில் அணைந்து கிடக்கும் நடத்தை விதிகளை (ஒரு நிரல் என்ன செய்கிறது என்று பார்த்துத் தடுப்பவை) இயக்கலாம். அவாஸ்ட், ஏவிஜி போன்ற வெளி ஆன்டிவைரஸைப் போட்டு, அதற்குள் இருக்கும் நடத்தைக் காவலை நம்பலாம். அல்லது டிஃபெண்டரோடு கொமோடோ ஃபயர்வால் மாதிரி தனிக் கருவி ஒன்றைச் சேர்க்கலாம். நான் தேர்ந்தெடுத்திருப்பது முதல் வழி. இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

பழகிய வைரஸ்களைப் பிடிப்பதில் மூன்றும் தேவையான அளவு தேறிவிடும். சிக்கல் பட்டியலில் இல்லாதவற்றில்தான். வேர்டு ஃபைலைத் திறந்ததும் அதிலிருந்து பவர்ஷெல் கிளம்புகிறது என்று வையுங்கள். பவர்ஷெல் கட்டளைகளை ஓட்டும் மைக்ரோசாஃப்டின் சொந்த நிரல், எந்த வைரஸ் பட்டியலிலும் அது இருக்காது. யார் யாரைக் கிளப்பினார்கள் என்று பார்க்கும் காவல்தான் அங்கே உதவும். (ஐகார் என்ற 68 எழுத்துச் சோதனைக் கோப்பை இறக்கிப் பார்த்துவிட்டு "எல்லாம் வேலை செய்கிறது" என்று திருப்திப்படுகிறவர்கள் உண்டு. பட்டியல் சோதனை நடக்கிறதா என்பதற்கு அது போதும், நடத்தைக் காவலைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.)

முடிவைத் தீர்மானிப்பது எல்லோரும் தாண்டிப்போகும் ஒரு விஷயம். வெளி ஆன்டிவைரஸ் ஒன்று விண்டோஸ் செக்யூரிட்டியில் பதிவு செய்துகொண்டதும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிவிடும். அது நல்லதுதான்; ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் இரண்டு ஸ்கேனர்கள் பிடித்து இழுத்தால் கணினி திணறும். ஆனால் டிஃபெண்டர் ஒதுங்கும்போது அதன் நிகழ்நேரக் காவலைச் சார்ந்த எல்லாமே சேர்ந்து நின்றுவிடுகின்றன. முக்கியமான ஃபோல்டர்களில் அறியாத நிரல் எழுதுவதைத் தடுக்கும் கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ் போய்விடும். ஆஃபீஸ் நிரல்கள் வேறு நிரல்களைக் கிளப்புவதைத் தடுக்கும் ஏஎஸ்ஆர் (அட்டாக் சர்ஃபேஸ் ரிடக்‌ஷன், அதாவது தாக்குதலுக்கு இடம்தரும் வழிகளைக் குறைக்கும்) விதிகளும் போய்விடும். இதற்கெனத் தனி எச்சரிக்கை வராது. நடத்தைப் பாதுகாப்பைக் கூட்டுவதாக நினைத்து வெளி ஆன்டிவைரஸ் போடுகிறவர், ஏற்கெனவே இயக்கி வைத்திருந்ததை இழக்கிறார்.

அவற்றை இயக்குவது கடினமில்லை. விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் ரான்சம்வேர் புரொடெக்‌ஷன் என்று போய் கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸை ஆன் செய்யுங்கள். டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்றவை தானாகவே பட்டியலில் இருக்கும். டி டிரைவில் போட்டோக்களை வைத்திருந்தால் அந்த ஃபோல்டரை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஏஎஸ்ஆர் விதிகளுக்கு அங்கே பொத்தான் கிடையாது, ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரும் கிடையாது. பவர்ஷெல் கட்டளை எழுதலாம். அல்லது கான்ஃபிகர்டிஃபெண்டர் என்ற இலவசச் சிறு நிரலில் 'ஹை' நிலையைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்யலாம். 'மேக்ஸ்' வேண்டாம்: விண்டோஸ் செக்யூரிட்டி திரையையே மறைத்துவிடும், பிறகு எதை அனுமதிப்பதென்றாலும் சுற்றுவழிதான்.

முதல் வாரத்தில் தொல்லை வரும். கேம் சேவ் ஆகாது. போட்டோ எடிட்டர் "ஃபைல் கிடைக்கவில்லை" என்று சம்பந்தமில்லாத பிழையைக் காட்டும், ஏனென்றால் தடுத்தது டிஃபெண்டர் என்று அந்த நிரலுக்குத் தெரியாது. ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் டிஃபெண்டர், ஆபரேஷனல் பதிவைத் திறந்து பாருங்கள்: 1123 என்றால் ஃபோல்டர் காவல் தடுத்தது, 1121 என்றால் ஏஎஸ்ஆர் விதி தடுத்தது. முதல் வகைக்கு, அதே ரான்சம்வேர் பக்கத்தில் 'அண்மையில் தடுக்கப்பட்டவை' பட்டியலிலிருந்து நிரலை அனுமதித்தால் முடிந்தது. வழக்கமான நிரல்களை ஒருமுறை அனுமதித்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இதன் ஓட்டைகளையும் சொல்லிவிட வேண்டும். ஃபோல்டர் காவல் எழுதுவதைத்தான் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போகும் திருட்டு நிரலுக்கு அது தடையே இல்லை. ஆஃபீஸ் பற்றிய விதிகள் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸுக்கு மட்டும், லிப்ரெஆஃபீஸ்காரர்களுக்கு அவற்றால் பயனில்லை.

இரண்டாவது வழிக்கு வந்தால், ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிட நினைப்பவருக்கு அது சரி. விளம்பரப் பாப்அப்பைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இலவசத்தின் விலையையும் யோசியுங்கள்: பயனர்களின் பிரௌசிங் தரவை விற்ற விவகாரத்தில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2024இல் அவாஸ்டுக்கு 1.65 கோடி டாலர் அபராதம் விதித்தது. விற்பனையைச் செய்த துணை நிறுவனம் ஜம்ப்ஷாட் 2020லேயே மூடப்பட்டது.

மூன்றாவது வழி மூன்றிலும் கறாரானது, ஆனால் ஆளைக் கேட்கும். கொமோடோ, அறியாத நிரலைத் தனிக் கூண்டுக்குள் ஓடவிடும். ஜன்னலைச் சுற்றிப் பச்சைக் கோடு தெரியும். அந்தப் பச்சைக் கோட்டைக் கவனிக்காமல் உள்ளே ஃபைலைச் சேமித்தால், அது டாகுமென்ட்ஸில் இருக்காது, சி டிரைவின் விடிரூட் ஃபோல்டரில் கிடக்கும். டிஜிட்டல் கையொப்பமில்லாத சிறு நிரல் அப்டேட் ஆனால் அதன் ஹேஷ் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) மாறிவிடும், திரும்பவும் 'அறியாதது' ஆகிவிடும். கணினியைப் பலர் பகிரும் வீட்டில் கேள்விப் பெட்டி வந்தால் யாராவது 'அனுமதி' என்று தட்டிவிடுவார்கள், அத்தோடு காவல் முடிந்தது. பழகிய ஒருவர் மட்டும் தொடும் கணினியில் இது முதல் வழியை மிஞ்சக்கூடும். பெரிய விண்டோஸ் அப்டேட்டுகளைத் தாண்டி இதை நீண்ட நாள் ஓட்டிய அனுபவம் எனக்குக் குறைவு. தனிக் கருவிகளின் ஆயுளும் உறுதியில்லை. த்ரெட்ஃபயர் நின்றேபோனது. ஓஎஸ்ஆர்மர் இலவசமாகத் தொடங்கிக் கட்டணத்துக்கு மாறியது.

எந்த வழியானாலும் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை அவ்வப்போது ஸ்கேன் செய்ய மட்டும் வைத்துக்கொள்ளலாம். போட்டதும் 14 நாள் பிரீமியம் சோதனை தொடங்கினால், அந்த நாட்களில் அதுவே நிகழ்நேரக் காவலாகி டிஃபெண்டரை ஒதுக்கிவிடலாம். சோதனையை உடனே நிறுத்திவிடுங்கள்.

வெளி ஆன்டிவைரஸிலிருந்து டிஃபெண்டருக்குத் திரும்புகிறவர்கள், அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தபின் விண்டோஸ் செக்யூரிட்டியின் செட்டிங்ஸில் 'மேனேஜ் புரொவைடர்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். பழைய பெயர் இன்னும் அங்கே தெரிந்தால் டிரைவர் மிச்சம் இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் எஃப்எல்டிஎம்சி (fltmc) என்ற கட்டளையை ஓட்டினால் ஃபில்டர் டிரைவர்களின் (ஃபைல்கள் திறக்கப்படுவதை இடைமறித்துப் பார்க்கும் உள்நிரல்கள்) பட்டியல் வரும். ஆல்டிட்யூட் என்ற பத்தியில் 320000 முதல் 329998 வரையிலான எண்கள் ஆன்டிவைரஸுக்கு உரியவை. டிஃபெண்டரின் டபிள்யூடிஃபில்டர் (WdFilter) 328010இல் இருக்கும். அந்த வரம்புக்குள் பழைய ஆன்டிவைரஸின் டிரைவரும் தென்பட்டால், அதே நிறுவனம் தரும் நீக்கும் கருவியை சேஃப் மோடில் ஓட்டி எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு விதிகளை இயக்குங்கள்.